சிஎச்மாட் கணிப்பான்

சிஎச்மாட் கணிப்பான் என்பது யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் கோப்பு அனுமதிகளை மாற்றும் கட்டளையை எழுதித் தரும் சிறு கருவியாகும். சிஎச்மாட் கட்டளை 1971இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்தது.

உரிமையாளர், குழு, பிறர் என்னும் மூன்று தரப்பினருக்கும் உரிய கட்டங்களில் குறியிட்டால் கருவி மூன்று இலக்க எண்ணைத் தரும். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1. இவற்றை எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை இருமுறை வராது. எனவே 6 என்றால் படிக்கலாம், எழுதலாம், இயக்க முடியாது என்பது மட்டுமே பொருள்.

இந்தக் கூட்டலுக்குக் கருவி எதற்கு எனலாம். பிழை கூட்டலில் நேர்வதில்லை. கோப்புறையைப் பொறுத்தவரை 1 என்பது உள்ளே நுழையும் உரிமை. குறியிடுவது கோப்புக்கா கோப்புறைக்கா என்பது கருவிக்குத் தெரியாது. கோப்புறைக்கும் அதனுள் உள்ள அனைத்துக்கும் சேர்த்து 644 கொடுத்தால், சாதாரணப் பயனராக இருக்கும் உரிமையாளரே உள்ளே நுழைய முடியாது. அந்தப் பதற்றத்தில் சிலர் 777 கொடுத்துவிடுவர். அதுவோ அக்கணினியின் பயனர் எவரும் கோப்பைத் திருத்த வழிவிடும். பெரும்பாலும் கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 போதும். எஸ்எஸ்எச் தனித் திறவுகோலுக்கு 600 கொடுப்பதே வழக்கம். பிறர் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுத்துவிடும்.