பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்

ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில் ஆண்டுதோறும் பிப்ரவரி 1ஆம் தேதி சால்மன் பருவம் தொடங்குகிறது. கரையில் பனி கிடக்கும். தண்ணீர் 3 அல்லது 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் குளிரில் இடுப்பளவு நீரில் இறங்கி, நாள் முழுக்கத் தூண்டில் வீசுகிறார்கள். கடலிலிருந்து அப்போதுதான் ஏறிவரும் வசந்தகாலச் சால்மனுக்காகத்தான் இத்தனை பாடு.

இதில் இரண்டு வினோதங்கள் உண்டு. ஆற்றுக்குள் வந்துவிட்ட சால்மன் எதையும் தின்பதில்லை. ஆனாலும் தூண்டிலைக் கவ்வுகிறது. பிடித்தவரும் அதைத் தின்பதில்லை. திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்.

ஆற்றில் பிறந்து கடலில் வளர்வது

டீ ஆறு கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் ஊற்றெடுத்து, 140 கிலோமீட்டர் ஓடி, ஆபர்டீன் நகரில் வடகடலில் கலக்கிறது. இலையுதிர்காலத்தின் கடைசியில் பெண் சால்மன் வாலால் சரளைக்கற்களைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும். வசந்தத்தில் குஞ்சுகள் வெளிவரும். நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீனும் இதே குடும்பம்தான். சிறு வயதில் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம்.

இரண்டு மூன்று ஆண்டுகள் ஆற்றில் பூச்சிகளைத் தின்று விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் குஞ்சின் உடல் மாறத் தொடங்கும். புள்ளிகள் மறைந்து வெள்ளி நிறம் ஏறும். உப்புநீரைத் தாங்கும்படி செவுளும் சிறுநீரகமும் தயாராகும். ஏப்ரல், மே மாதங்களில் அவை கூட்டமாகக் கடலுக்கு இறங்கி, ஃபாரோ தீவுகளையும் நார்வே கடலையும் தாண்டி, சில கிரீன்லாந்து வரையிலும் போய் மேயும். ஒரு குளிர்காலம் மட்டும் கடலில் கழித்தவை கோடையில் சிறிய மீனாகத் திரும்பும். இரண்டு மூன்று குளிர்காலம் தங்கிக் கொழுத்தவைதான் வசந்தத்தில் வருபவை.

பிறந்த ஓடையை அவை வாசனையால் அடையாளம் காண்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லரும் அவர் குழுவினரும் 1950களில் தொடங்கிச் செய்த ஆய்வுகள் இதை நிறுவின. எப்போது திரும்புவது என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. வசந்தத்தில் முந்திவரும் மீன்கள் பெரும்பாலும் மலையுச்சிக்கு அருகிலுள்ள குளிர்ந்த ஓடைகளின் பிள்ளைகள். பிப்ரவரியில் ஆற்றுக்குள் நுழையும் மீன் அங்கே போய் முட்டையிட அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். அதுவரை கடலில் சேர்த்த கொழுப்பே ஆகாரம், வயிறு சுருங்கிப்போகும்.

அப்படியானால் ஏன் கவ்வுகிறது? கடலில் இரையைத் துரத்திய பழக்கத்தின் மிச்சம் என்பார்கள் சிலர். தன் இடத்துக்குள் வந்ததை விரட்டும் கோபம் என்பார்கள் வேறு சிலர். மீனைக் கேட்டால்தான் தெரியும்.

வெப்பமானி சொல்லும் கணக்கு

பசி இல்லாத மீனைப் பிடிக்க இரையின் ருசி உதவாது. அது எங்கே கிடக்கிறது, அதன் கண்ணெதிரே தூண்டிலை எந்த வேகத்தில் கொண்டுபோவது என்பதுதான் வித்தை. இரண்டையும் பெரும்பாலும் நீரின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது.

சுமார் 5 டிகிரிக்குக் கீழே சால்மன் மந்தமாகிவிடும். அருவியையும் அணைக்கட்டையும் தாண்ட முயலாது. அதனால் பிப்ரவரியில் மீன் கீழாற்று மடுக்களில் தங்கும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் சூடேற மேலாற்றுக்கு நகரும். குளிர்நீரில் தூண்டில் ஆழத்தில் மெதுவாகப் போக வேண்டும்: மூழ்கும் கயிறு, விரல் நீளப் பொய்ப்பூச்சி. 9 டிகிரிக்கு மேல் போனால் மிதக்கும் கயிறும் சிறிய பொய்ப்பூச்சியும் போதும். பட்டுக்கயிற்றில் கொழுப்பு தடவி மிதக்கவிட்டு மேல்மட்டத்தில் மீன் பிடிக்கும் முறையை, இதே ஆற்றின் கெய்ர்ன்டன் பகுதியில் ஆர்தர் வுட் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்தார்.

பொய்ப்பூச்சி என்பது முள்ளின் மேல் முடியும் இறகும் மினுக்கும் கட்டியது. எடையே இருக்காது. கல்லைப் போல அதை எறிய முடியாது. எடை கயிற்றில்தான் இருக்கிறது. கயிறு பறக்கும்போது பூச்சியையும் இழுத்துப் போகிறது. கயிற்றுக்கும் பூச்சிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத தங்கூசி.

கோல் 13 முதல் 15 அடி நீளம். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் மரமோ மேடோ இருந்தால் கயிற்றைப் பின்னே பறக்கவிட முடியாது. இதற்கு ஸ்பே ஆற்றங்கரைக்காரர்கள் கண்ட வழிதான் ஸ்பே வீச்சு. கயிற்றின் நுனியை ஒரு கணம் நீர்மேல் ஒட்டவைத்து, பின்னே சிறிய வளையம் கட்டி, அங்கிருந்து முன்னே சுழற்றிவிடுவார்கள். நீரின் பிடிமானமே கோலை வளைத்து விசையைச் சேர்த்துத் தருகிறது.

திங்கள் முதல் சனி வரை

ஆற்றங்கரை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்க ஸ்காட்லாந்தில் சட்டப்படி தடை. எனவே வாரம் என்றால் ஆறு நாள். ஒவ்வொரு பகுதிக்கும் கில்லி என்ற மீன்பிடி வழிகாட்டி உண்டு. விருந்தாளி வருமுன்பே அவர் நீர்மட்டக் கோலையும் வெப்பமானியையும் பார்த்து, எந்த மடு, எந்தக் கயிறு என்று முடிவு செய்திருப்பார். மலையில் பனி உருகினால் நீர் குளிர்ந்துவிடும். மழையில் பெருகிய ஆறு வடிந்து தெளியும் நேரம்தான் அவர் காத்திருக்கும் நேரம்.

மடுவின் தலைப்பில் இறங்கி, குறுக்காகக் கீழ்நோக்கி வீசி, ஓட்டம் பூச்சியை வில்லாக இழுத்துக் கரைக்குக் கொண்டுவரும் வரை பொறுத்து, ஓரடி கீழே நகர்ந்து மறுபடி வீச வேண்டும். மீன் கவ்வினால் பதறி இழுக்கக் கூடாது. அது திரும்பும்போது முள் தானே வாயோரத்தில் மாட்டும். வாரம் முழுக்க வீசி ஒரு மீனும் தொடாமல் வீடு திரும்புவோர் ஏராளம்.

வசந்தத்தில் மாட்டும் எல்லா மீனும் புதுமீன் அல்ல. சென்ற ஆண்டு முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்பும் மீன்களும் வெள்ளி நிறத்தில் ஏமாற்றும். அவற்றைக் கெல்ட் என்கிறார்கள். எடுத்துச் செல்வது குற்றம். ஒட்டுண்ணிகள் சாட்சி சொல்லும். உடலில் கடற்பேன் இருந்தால் அது வந்து சில நாள்தான் ஆகிறது. நன்னீரில் கடற்பேன் தாங்காது. செவுளில் வெண்புழு போன்ற ஒட்டுண்ணி இருந்தால் அது ஆற்றில் நெடுநாள் கிடந்த மீன்.

விட்டுவிடும் சட்டம்

2015 முதல் ஸ்காட்லாந்து முழுவதும் ஏப்ரல் 1க்கு முன் பிடிக்கும் சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். டீ ஆற்றில் 1990களிலேயே அந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. உள்கொக்கி இல்லாத முள், முடிச்சில்லாத வலை, மீனை நீரைவிட்டுத் தூக்காத கை, அது தானாக நீந்தும் வரை ஓட்டத்தை நோக்கி முகத்தைப் பிடித்திருக்கும் பொறுமை, இவ்வளவும் வேண்டும்.

காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. 2010இல் ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கிய சால்மன்கள் 1 லட்சத்துக்கும் மேல். 2023இல் சுமார் 32,500. 1952இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அதுவரை இதுவே மிகக் குறைவு. அதே ஆண்டு இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பு, பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தியது. கடலுக்குப் போகும் குஞ்சுகளில் திரும்புபவை குறைந்துவிட்டன. மரமில்லாத மலையோடைகள் கோடையில் குஞ்சுகள் தாங்காத அளவுக்குச் சூடேறுகின்றன. அதனால் டீயின் மேலோடைக் கரைகளில் நிழலுக்காக மரக்கன்று நடுகிறார்கள்.

பிடித்த மீனை விட்டுவிடுவது மட்டும் சால்மனைக் காப்பாற்றாது. கடல் மாறுவதை எந்தக் கில்லியாலும் தடுக்க முடியாது. ஆனால் ஆற்றைக் காக்கும் வாரியத்தின் செலவுக்குப் பணம் தருவது மீன்பிடி உரிமையாளர்கள் கட்டும் வரி. அந்த வரிக்கு ஆதாரம், குளிரில் நின்று வெறுங்கையோடு திரும்பும் இந்தத் தூண்டில்காரர்கள் தரும் வாடகை.