சாய்ந்த கட்டடத்தைத் தூக்க உத்திரம் தேர்ந்தெடுத்தல்

தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டினம் வட்டாரத்தில், அங்கத்தினர்களின் பங்குத் தொகையால் எழுந்த தறிக்கூடமோ மாங்காய்க் கிடங்கோ சாயுமாயின் சங்கத்திற்கு நேரும் இழப்பு சிறிதன்று. அவ்வேளையில், பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைத்த உத்திரத்தைக் கொண்டு தூக்கிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அவ்வுத்திரம் வளைந்தால் கூரை மட்டுமன்று, கீழே நிற்கும் தொழிலாளியின் உயிரும் போகும்.

தேர்வுக்கு அடிப்படை இரண்டு: சுமையும், தாங்கிகளுக்கு இடைப்பட்ட நீளமும். சாய்ந்த தூண் தாங்கும் கூரைச் சுமை 4 டன் எனக் கொள்வோம். தூலத்தின் அடியில் ஐ வடிவ எஃகு உத்திரத்தைச் செலுத்தி, 3 மீட்டர் இடைவெளியில் இரு ஜாக்கிகள் வைக்கிறோம். சுமை நடுவில் விழுந்தால், சுமையை நீளத்தால் பெருக்கி நான்கால் வகுக்க வேண்டும். வளைக்கும் விசை 3 டன்-மீட்டர். சாதாரண எஃகில் சதுர செ.மீட்டருக்கு ஏறத்தாழ 1,650 கிலோ வரை அனுமதிப்பது வழக்கம். அவ்வாறாயின் உத்திர அட்டவணையில் வெட்டுமுகக் கெழு 182 கன செ.மீ. வேண்டும். ஜாக்கிகள் சமமாக ஏறாமற்போகலாம் என்பதால் ஒன்றரை மடங்காக்கினால் 273 ஆகும். 200 மி.மீ. உயர உத்திரம் இதற்குப் போதாது; ஏறத்தாழ 300 கெழுவுள்ள 225 மி.மீ. உத்திரமே தகும்.

இடைவெளியை இருமடங்காக்கினால் வளைக்கும் விசையும் இருமடங்காகும். தொய்வோ எட்டு மடங்காகும். உத்திரத்தை நிமிர்த்தியே வைத்தல் வேண்டும். படுக்கவைத்தால் வலிமை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். அது பக்கவாட்டில் புரளாதவாறு இருபுறமும் முட்டுக் கொடுத்தலும், ஜாக்கியின் அடியில் அகன்ற பலகைத் தளம் அமைத்தலும் இன்றியமையாதவை. சாய்ந்த பொருளை மேலே தூக்குகையில் அது பக்கத்திலும் தள்ளும். ஆகவே, தூக்குவதற்கு முன்பே சாயும் பக்கம் முட்டு நிற்க வேண்டும்.

சாய்வுக்குக் காரணம் மண்ணாயின் உத்திரம் தற்காலிகத் துணையே. இத்தாலியின் பைசா கோபுரம் 1990-இல் மூடப்பட்டபின், சாயாத வடபுறத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக அகற்றியே அதன் சாய்வை உச்சியில் ஏறத்தாழ 45 செ.மீ. குறைத்தனர், 2001-இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

எனவே நிர்வாகக் குழுவினர், பொறியாளரின் கையொப்பமிட்ட கணக்கு கைக்கு வந்தபின்னரே செலவுக்கு ஒப்புதல் அளிப்பாராக. உத்திரத்தில் மிச்சம் பிடிக்கும் சில ஆயிரம், சங்கத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடக் கூடும்.