திசை அறியும் அலைவாங்கிகள்

கார்த்திகைத் தீபத் திருநாளில் திருவண்ணாமலையின் உச்சியில் சுடர் ஏற்றப்படும்போது, சுற்றிலுமுள்ள ஊரார் அதன் திசையைக் கண்ட அளவிலேயே அறிகின்றனர். கோவில் மணி எப்பக்கம் ஒலிக்கிறது என்பதையோ, கண்ணை மூடியிருந்தாலும் உணர முடிகிறது. ஒலி ஒரு செவிக்குச் சற்று முன்னும் மறுசெவிக்குச் சற்றுப் பின்னும் வந்து சேர்வது அதற்கு ஒரு காரணமாகும். கண்ணுக்கும் செவிக்கும் புலப்படாத ரேடியோ அலைகளின் திசையை அறியவும் இக்கால வேறுபாடே துணைசெய்கிறது.

முகடும் அகடும்

92 செ.மீ. அலைநீளமுள்ள அலையைப் பெற, 92 செ.மீ. இடைவெளியில் இரண்டு அலைவாங்கிகள் தரையில் உள்ளன எனக் கொள்வோம். அலை நேர் மேலிருந்து வந்தால் இரண்டையும் ஒரே கணத்தில் அடையும். இரு குறிப்பலைகளும் கூடி வலுப்பெறும். அவை அமைந்த கோட்டின் வழியே 30 பாகை சாய்ந்து வந்தாலோ, ஓர் அலைவாங்கியை அடைய 46 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். அஃது அரை அலைநீளம். ஆதலால் ஒன்றன் முகடும் மற்றொன்றன் அகடும் சேர்ந்து அழிந்துவிடும். முந்தி வந்த குறிப்பலையை அதே அளவு தாமதப்படுத்தினால் இரண்டும் மீண்டும் கூடும். எந்தத் தாமதத்தில் குறிப்பலை மிக வலுப்பெறுகிறதோ, அதுவே மூலத்தின் திசையைக் காட்டும். அலைவாங்கிகளின் வரிசை நீள நீள, திசை மேலும் துல்லியமாகும்.

மலைச்சரிவில் ஒரு தொலைநோக்கி

இக்கோட்பாட்டின் பேருருவம் தமிழ்நாட்டிலேயே உள்ளது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த ரேடியோ தொலைநோக்கி 1970ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். வடக்குத் தெற்காக 1056 இருமுனை அலைவாங்கிகள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. அவ்விடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. மலைச்சரிவின் சாய்வும் அதுவே. எனவே தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாகிறது. கிழக்கிலிருந்து மேற்காக அதனைச் சுழற்றினாலே ஒரு மூலத்தை ஏறத்தாழ ஒன்பதரை மணிநேரம் தொடரலாம். வடக்கு தெற்காகத் திசைமாற்றத் தொலைநோக்கியை அசைக்க வேண்டுவதில்லை. அலைவாங்கிகளின் குறிப்பலைகளுக்கிடையே தக்க வேறுபாட்டை மின்முறையில் ஏற்படுத்தினால் போதும்.

நிலவின் துணை

இன்னும் நுண்ணிய அளவீட்டிற்கு நிலவு உதவியது. நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தில் அதன் விளிம்பு வானில் எங்குள்ளது என்பதைக் கணக்கிட்டறியலாம். அவ்விளிம்பிலேயே மூலமும் இருத்தல் வேண்டும். இவ்வாறு மங்கலான பல மூலங்களின் இடமும் கோண அளவும் அறியப்பட்டன. பேரண்டம் என்றும் ஒரே நிலையில் இருப்பதன்று, காலந்தோறும் மாறிவருவது என்னும் கருத்துக்கு அம்முடிவுகள் வலுச்சேர்த்தன.