மெட்டுக்கு உரியவர்

கோயம்புத்தூரிலிருந்து திருச்சி சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பிரயாணிக்குச் சிங்காநல்லூர் என்றவுடன் பேருந்து நிலையமும், நொய்யல் தண்ணீர் வந்து நிற்கும் குளமும், பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகளுமே நினைவில் எழுமேயன்றி, 1930-களின் பிற்பகுதியிலும் அடுத்து வந்த பத்தாண்டிலும் தமிழ்ச் சினிமாவின் பெரும்பட்டறைகளுள் ஒன்று இவ்வூரில்தான் இருந்தது என்பது எளிதில் தோன்றாது. நூற்பாலைகளில் பொருளீட்டிய கொங்கு நாட்டுச் செல்வர்கள் கலையிலும் முதல் போடத் துணிந்த காலம் அது. அவர்கள் நிறுவிய சென்ட்ரல் ஸ்டூடியோவில்தான் தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’ (1943) உருவாயிற்று, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகராகத் தோன்றிய ‘ராஜகுமாரி’யும் (1947) அங்கேதான் எடுக்கப்பட்டது. அப்படத்தின் வசனப் பணிக்காக வந்த இளைஞர் மு. கருணாநிதி சிங்காநல்லூரிலேயே வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தினார். ஆயினும் அந்த ஸ்டூடியோவின் சரித்திரத்தில் என் நெஞ்சை மிகுதியாகக் கவர்வது, திரையில் ஓடிய எந்தக் கதையும் அன்று. ஆர்மோனியம் வாசித்த ஆசிரியர் ஒருவருக்கும், எடுபிடி வேலை செய்த பையன் ஒருவனுக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலே அது.

அந்தப் பையன் எம்.எஸ். விஸ்வநாதன். 1928 ஜூன் 24-ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்த அவருக்கு நான்கு வயதிலேயே தந்தை தவறிப்போனார். வறுமையால் மனமுடைந்த தாய் குழந்தையோடு உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்த வேளையில், தாய்வழிப் பாட்டனார் குறுக்கிட்டு இருவரையும் காப்பாற்றித் தம் நிழலில் வைத்துக்கொண்டார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் சங்கீதப் பயிற்சி கிடைத்தது அதன் பின்னரே. கலைஞர்களின் ஜீவிய சரித்திரங்களில் குருமார்களுக்குக் கிடைக்கும் பக்கங்கள் இத்தகைய பாட்டனார்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அந்த முதியவர் அன்று ஒரு கணம் பிந்தியிருந்தால், பின்னால் வந்த எந்தக் குருவுக்கும் அந்தச் சிஷ்யன் வாய்த்திருக்க மாட்டான்.

நடிகனாக வேண்டும் என்ற ஆசையோடு ஜூபிடர் பிக்சர்ஸாரை அடைந்த விஸ்வநாதனுக்கு நடிப்பு கைகொடுக்கவில்லை. திருப்பூர்க்காரரான எம். சோமசுந்தரமும் அவருடைய கூட்டாளி எஸ்.கே. மொஹிதீனும் நடத்திய அக்கம்பெனி சென்ட்ரல் ஸ்டூடியோவில் படங்கள் எடுத்துவந்த நாட்களில், அவர் அங்கே ஆபீஸ் பையனாக, கூப்பிட்டவர் குரலுக்கு ஓடுவதும் வாத்தியக்காரர்களுக்குக் காபி வாங்கி வருவதுமாக இருந்தார். இசைப் பகுதிக்குத் தலைவராக விளங்கியவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு, நாடக மேடையிலே வளர்ந்து, பாட்டின் பாவத்தையும் சபையின் ரசனையையும் அனுபவத்தால் அறிந்த வித்துவான்.

‘அபிமன்யு’ (1948) படத்துக்காக ஒரு காதற் பாட்டுக்கு மெட்டு அமைக்க முயன்று, எதுவும் மனத்துக்கு இசையாமல் நாயுடு எழுந்து சென்றிருந்த சமயத்தில், தனித்திருந்த பையன் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு தனக்குத் தோன்றிய ஒரு மெட்டில் அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தான். திரும்பி வந்த நாயுடுவின் செவியில் அது விழுந்தது. இச்சம்பவத்தை விஸ்வநாதன் தம் வாழ்நாள் முழுவதும் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். மெட்டு அப்படியே ஏற்கப்பட்டது. திருச்சி லோகநாதனும் யு.ஆர். ஜீவரத்தினமும் பாடிப் பிரசித்தி பெற்றது. ஆனால் மெட்டுப் போட்டவன் தான் என்பதை எவரிடமும் சொல்லக்கூடாது என்று நாயுடு கட்டளையிட்டார். ஆபீஸ் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் முதலாளிகள் அதை ஏற்க மாட்டார்கள் என்பதே அவர் சொன்ன காரணம்.

இவ்விடத்தில் வாசகருக்கு ஓர் ஐயம் எழுவது நியாயமே. ஏழைப் பையனின் சிருஷ்டியை ஆசிரியர் தம் பெயரில் வைத்துக்கொண்டார் அல்லவா? இதை மழுப்பிவிட்டு நாயுடுவைப் புகழ நான் விரும்பவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் வெறும் சாக்கு அன்று என்பதற்கு அதே படம் சாட்சி. ‘அபிமன்யு’வுக்கு வசனம் எழுதிய கருணாநிதியின் பெயரும் திரையில் காட்டப்படவில்லை; அந்த வேதனையை அவர் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். பெயர் பெற்றவருக்கே பெயர் போடுவது என்ற வழக்கம் நிலவிய இடத்தில், இருபது வயதை எட்டிய எடுபிடி ஒருவனின் மெட்டு உயிரோடு வெளிவர வேண்டுமானால் அது ஒரு பெரியவரின் பெயருக்குள் ஒளிந்துதான் வரவேண்டியிருந்தது. பிற தேசங்களிலும் இவ்வழக்கம் உண்டு. இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டில் வெரோக்கியோ தீட்டிய ஏசுவின் ஞானஸ்நானச் சித்திரத்தில் தேவதூதர் ஒருவரை வரைந்தவர் அவருடைய மாணவர் லியனார்தோ டாவின்சி. பையனின் கைத்திறனைக் கண்ட பின் ஆசிரியர் வர்ணம் தொடுவதையே விட்டுவிட்டார் என்று ஓவியர்களின் சரித்திரம் வரைந்த வசாரி எழுதிவைத்தார். அக்கதை எவ்வளவு மெய்யோ அறியோம். ஆனால் ஆசிரியரின் கர்வ பங்கத்தில் முடியும் அந்தக் கதையைவிடச் சிங்காநல்லூர்க் கதை எத்தனையோ மேன்மையானது.

ஏனெனில், சில காலத்துக்குப் பின் ஜூபிடர் கம்பெனி கோவையை விட்டுச் சென்னைக்குப் பெயர நேர்ந்து, சிப்பந்திகளில் யார் யாரை உடன் அழைத்துச் செல்வது, யாரை நிறுத்துவது என்ற கேள்வி எழுந்தபோது, தம்முடைய கீர்த்தியையும் தம் எதிர்கால வாய்ப்பையும் ஒருங்கே பணயம் வைத்து, நாயுடு முதலாளி சோமசுந்தரத்திடம் சென்று, இதுகாறும் தம் பெயரால் புகழ்பெற்ற சில மெட்டுக்கள் உண்மையில் விஸ்வநாதனுடையவை என்றும், அவனைக் கைவிடாமல் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் எடுத்துரைத்தார். புகழ் கையில் இருக்கும்போது மாணவனை ‘பேஷ்’ என்று தட்டிக்கொடுப்பது எவருக்கும் இயலும். தம் கையிலிருந்த புகழில் ஒரு பாகத்தைப் பிய்த்து, உரியவன் கையில் வைப்பது அப்படியன்று. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் கேட்பார் இல்லை. விஸ்வநாதன் தாமே சொல்லியிருந்தால் நம்புவார் இல்லை. அந்தச் சொல்லின் விலை அதுதான்.

சென்னை சென்ற விஸ்வநாதன் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் சேர்ந்து, அவர் 1952-இல் அகால மரணமடைந்தபின் டி.கே. ராமமூர்த்தியோடு இணைந்து, அவ்வாண்டிலேயே கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ‘பணம்’ படத்துக்கு இசையமைத்து, மெல்லிசை மன்னர் என்று நாடு போற்றும் நிலைக்கு உயர்ந்ததெல்லாம் தமிழர் அறிந்த வரலாறு. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. நான் சொல்ல விரும்புவது அவர் பட்ட கடனைத் தீர்த்த விதத்தை. ஆண்டுக்கொரு முறை மாலை சாத்தி, பொன்னாடை போர்த்தி, ‘எல்லாம் ஆசிரியரின் ஆசீர்வாதம்’ என்று மொழிந்து அமைந்துவிடும் உபசாரமாக அது இருக்கவில்லை. முதுமைக் காலத்தில் சுப்பையா நாயுடுவையும் அவர் பத்தினியாரையும் தம் இல்லத்துக்கே அழைத்து வந்து, தம் குடும்பத்தாரோடு வைத்துப் பராமரித்து, 1979-இல் நாயுடு காலமானபோது மகன் ஸ்தானத்தில் நின்று ஈமக்கடன்களைச் செய்தார். அந்த அம்மையாருக்கும் அவ்வாறே செய்தார். முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் என்ன என்பது, வைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். வேளைக்கு மருந்தும், பக்குவமான சோறும், பத்தியமும், சொன்னதையே சொல்லும் பேச்சைப் பொறுமையோடு கேட்பதும் நாள்தோறும் செய்ய வேண்டிய காரியங்கள். ஓயாது ஒலிப்பதிவுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு கலைஞரின் இல்லத்தில் இது நடந்தேறியது என்றால், அதில் அவர் வீட்டாருடைய பங்கும் சிறியதாய் இருந்திருக்க முடியாது. நன்றி என்று நாம் ஒருவர் பெயரில் எழுதுவதைப் பெரும்பாலும் ஒரு குடும்பம் முழுவதும் சேர்ந்தே செலுத்துகிறது.

நாயுடுவின் கை ஒருவரை மட்டும் தூக்கிவிட்ட கை அன்று. மதுரையிலிருந்து வந்த டி.எம். சௌந்தரராஜன் திரையில் முதன்முதலாகப் பாடியது அவருடைய இசையமைப்பில், ஜூபிடரின் ‘கிருஷ்ண விஜயம்’ (1950) படத்துக்காகத்தான். பின்பு பட்சிராஜா கம்பெனியின் ‘மலைக்கள்ளன்’ (1954) படத்தில் எம்.ஜி.ஆருக்காக அவரைப் பாடவைத்து, அக்குரலை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவரும் அவரே. கோவையில் அவரிடம் பணியாற்றிய ஜி.கே. வெங்கடேஷ் பிற்காலத்தில் கன்னடத் திரையிசையின் முன்னவரானார்; அவர் தமக்கு உதவியாளராக ஏற்றுக்கொண்ட இளைஞர் இளையராஜா. இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்தால், கடந்த எழுபது ஆண்டுகளாகத் தமிழ் வீடுகளில் ஒலித்த பாட்டுக்களில் பெரும்பகுதிக்கு ஒரு வேர் திருச்சி சாலை ஓரத்திலிருந்த அந்த ஒத்திகை அறைக்குச் செல்கிறது.

அந்த ஸ்டூடியோ இன்று இல்லை. சிங்காநல்லூரில் அதன் ஞாபகார்த்தமாக மாநகராட்சியோ இவ்வூர் ரசிகர்களோ ஒரு கல் நாட்டுவார்களானால், நடிகர்களின் பெயர்களையும் முதலாளிகளின் பெயர்களையும் பொறித்தபின், ‘அபிமன்யு’ என்ற வரிக்கு எதிரே எம்.எஸ். விஸ்வநாதன் பெயரையும், அதை முதலாளியிடம் சொன்னவர் என்று சுப்பையா நாயுடுவின் பெயரையும் சேர்த்தே பொறிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.