54 சதிகளும் ஒரு டாக்சி ஓட்டுநரும்

“கண்காணிப்பெல்லாம் வெளிநாட்டினர்மீதுதான், நம் மக்கள்மீது அல்ல” என்று அமெரிக்க அரசு சொல்லும்போது அந்நாட்டிலேயே பலர் நம்புவதில்லை. அந்தச் சந்தேகத்தை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் அரசின் வாய்ச்சொல்தான்.

2013 மார்ச் 12 அன்று செனட் புலனாய்வுக் குழுவின் விசாரணையில், லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி தேசியப் பாதுகாப்பு முகமை (என்.எஸ்.ஏ.) ஏதாவது தகவல் திரட்டுகிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். கேள்வியை முந்தைய நாளே அனுப்பியும் வைத்திருந்தார். தேசியப் புலனாய்வு இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் ‘இல்லை’ என்றார். ‘தெரிந்தே செய்வதில்லை’ என்றும் சேர்த்துக்கொண்டார். மூன்று மாதத்துக்குள், என்.எஸ்.ஏ.வின் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் தந்த ஆவணத்தை கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. வாடிக்கையாளர்களில் யார், யாரை, எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்ற விவரங்களை வெரிசான் நிறுவனம் தினமும் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. தன் பதில் தவறு என்று கிளாப்பர் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார்.

அடுத்து வந்தது 54 என்ற எண். கண்காணிப்பால் 54 பயங்கரவாத நிகழ்வுகள் தடுக்கப்பட்டதாக அதிகாரிகள் அடுக்கினார்கள். ஆனால் அதில் இரண்டு திட்டங்கள் கலந்திருந்தன. ஒன்று, வெளிநாட்டினரின் மின்னஞ்சல், அழைப்புகளைக் குறிவைக்கும் ‘பிரிவு 702’. மற்றொன்று, அமெரிக்கர்களின் அழைப்புப் பதிவுகளை மொத்தமாக அள்ளும் திட்டம். அக்டோபரில் செனட்டர் பேட்ரிக் லேஹி பிடித்துக் கேட்டபோது, அழைப்புப் பதிவுகளால் மட்டும் தடுக்கப்பட்டது ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று என்.எஸ்.ஏ. தலைவர் கீத் அலெக்சாண்டர் ஒப்புக்கொண்டார்.

அந்த ஒன்றும் குண்டுவெடிப்புச் சதி அல்ல. சான் டியாகோவில் டாக்சி ஓட்டிய ஒருவர், சோமாலியாவின் அல்-ஷபாப் இயக்கத்துக்கு சுமார் 8,500 டாலர் அனுப்பிய வழக்கு. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது தண்டனையை உறுதிசெய்தது. கூடவே, அழைப்புப் பதிவுகளை அள்ளியது சட்டவிரோதம் என்றது. அந்தப் பதிவுகள் பெரிதும் உதவியதாக அதிகாரிகள் ஏற்படுத்திய எண்ணம் ரகசியக் கோப்புகளோடு பொருந்தவில்லை என்றும் பதிவுசெய்தது. சாதாரண வாசகர் அந்தக் கோப்பைப் பார்க்கவே முடியாது. அதைப் பார்த்த நீதிபதிகள் சொன்னது இது.

பிரிவு 702 பயனுள்ளது என்று சுயேச்சையான தனியுரிமை மேற்பார்வை வாரியம் 2014-இல் சொன்னது. அதே வாரியம், அழைப்புப் பதிவுத் திட்டம் எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதாகத் தெரியவில்லை என்றது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் திணித்ததால், உண்மையிலேயே பயன்பட்ட திட்டத்தின் மீதும் சந்தேகம் படிந்தது. என் பார்வையில் பெரிய நஷ்டம் அதுதான்.

702-க்கும் கறை உண்டு. வெளிநாட்டவரோடு பேசும் அமெரிக்கரின் உரையாடலும் அதில் சேர்ந்து விழுகிறது. அந்தத் தொகுப்பில் எஃப்.பி.ஐ. ஒரு நாடாளுமன்ற வேட்பாளருக்கு நன்கொடை தந்த 19,000 பேரைத் தேடிப் பார்த்தது, 2023-இல் வெளியான ரகசிய நீதிமன்றத் தீர்ப்பில் தெரியவந்தது.

இப்படி எத்தனை அமெரிக்கர்கள் சிக்குகிறார்கள் என்று வைடன் 2011 முதல் கேட்கிறார். கணக்குத் தர முயல்வதாகச் சொன்ன புலனாய்வு இயக்குநர் டான் கோட்ஸ், 2017 ஜூனில் அது சாத்தியமில்லை என்று கைவிரித்தார். அந்தக் கணக்கு வராமலே 2018-இலும் 2024-இலும் நாடாளுமன்றம் பிரிவு 702-ஐ நீட்டித்தது.