தரம் குறையாமல் டிவிடி தயாரிப்பது எப்படி?



பினாங்கில் தைப்பூசத்திற்கு முதல் நாள் காலை, பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை அது சென்று சேரும் வரை, வழிநெடுக எத்தனை கைகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்கின்றன! சாலையில் சிதறும் தேங்காய், காவடி ஆட்டம், உறவினர்களின் முகங்கள் எல்லாம் பதிவாகின்றன. பிறகு அந்தப் பதிவு எங்கே போகிறது? தொலைபேசியிலேயே கிடக்கிறது. கூட்டத்திற்குள் வர முடியாத நம் வீட்டுப் பாட்டிக்கு, தொலைக்காட்சிக்கு அருகில் உள்ள டிவிடி கருவி ஒன்றுதான் பழக்கம். ஒரு தட்டைப் போட்டால் படம் வர வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்பது.

"கோப்பைத் தட்டில் பதிந்து கொடுத்தேன், ஓடவில்லை" என்பார் ஒருவர். "ஓடுகிறது, ஆனால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு குறைகளுக்கும் காரணம் என்ன, எப்படித் தவிர்ப்பது என்பதை இன்று பார்ப்போம்.

ஏன் ஓடுவதில்லை?

கணினியில் உள்ள கோப்பை அப்படியே வெற்றுத் தட்டில் நகல் எடுத்தால், அது தகவல் தட்டு மட்டுமே. டிவிடி கருவி தேடுவது வேறொன்று. தட்டில் 'வீடியோ டிஎஸ்' என்ற பெயரில் ஒரு பெட்டகம் இருக்க வேண்டும். அதனுள் படமும் ஒலியும் அடங்கிய கோப்புகளும், எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிறு கோப்புகளும் இருக்க வேண்டும். படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். கைத்தொலைபேசிகளோ எச்.264 அல்லது எச்.265 என்ற பிந்திய முறைகளில் பதிகின்றன. 1990ஆம் ஆண்டுகளில் வகுக்கப்பட்ட டிவிடி விதிகளுக்கு இவை தெரியாது. ஆகவே மாற்றம் செய்யாமல் வழியில்லை.

தரம் குறையுமா, குறையாதா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. மூலப் பதிவு எது என்பதைப் பொறுத்தது.

நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய பால் முறைப்படி, டிவிடி படத்தின் அளவு 720 புள்ளி அகலம், 576 புள்ளி உயரம். மொத்தம் 4,14,720 புள்ளிகள். இன்றைய கைத்தொலைபேசியின் முழு எச்டி படமோ 1920க்கு 1080. அதாவது 20,73,600 புள்ளிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு! ஐந்து குடம் நீரை ஒரு குடத்தில் ஊற்ற முடியாது. எச்டி பதிவை டிவிடியாக மாற்றினால் நுணுக்கம் குறையத்தான் செய்யும். "ஒரு துளியும் குறையாது" என்று விளம்பரம் செய்யும் மென்பொருளை நம்ப வேண்டாம்.

ஆனால், 20 ஆண்டுகளுக்கு முன் மினி டிவி ஒளிநாடாவில் எடுத்த திருமணப் பதிவு இருக்கிறதா? அதன் அளவும் இதே 720க்கு 576தான். விஎச்எஸ் நாடா இதைவிடக் குறைந்த நுணுக்கம் கொண்டது. இந்தப் பழைய நாடாக்களை முறையாக மாற்றினால், கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் குறையாது. பழைய விசிடியோ 352க்கு 288தான், டிவிடியில் கால் பங்கு. அதனால்தான் அன்று விசிடியில் பெற்ற திருமணப் படம் இன்று மங்கலாகத் தெரிகிறது. அந்த நாடா இன்னும் வீட்டில் இருந்தால், விசிடியை விட்டுவிட்டு நாடாவிலிருந்தே புதிதாக டிவிடி எடுங்கள்.

கணக்குத்தான் உயிர்நாடி

தரத்தை முடிவு செய்வது முக்கியமாக ஒன்றே: ஒரு வினாடிப் படத்திற்கு எவ்வளவு இடம் ஒதுக்குகிறோம் என்பது. இதனைப் பிட் வீதம் என்கிறோம்.

சாதாரண ஓர் அடுக்குத் தட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைட். விண்டோஸ் கணினி இதையே 4.38 என்று காட்டும். 1000க்குப் பதில் 1024ஆல் வகுத்துச் சொல்வதால் வரும் வேறுபாடு அது. கடைக்காரர் ஏமாற்றவில்லை! 4.7 கிகாபைட் என்பது 37,600 மெகாபிட்.

இரத ஊர்வலப் பதிவு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிடம் என்பது 5,400 வினாடி. 37,600ஐ 5,400ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறக்குறைய 6.96 மெகாபிட். இதில் ஒலிக்கு 0.256 போக வேண்டும். பட்டியல் பக்கத்திற்கும் இதர தேவைகளுக்கும் சிறிது ஒதுக்க வேண்டும். மீதம் படத்திற்கு 6.4 கிடைக்கும். இது நல்ல அளவு.

இதே கணக்கில் 2 மணி நேரப் பதிவுக்கு 4.8 கிடைக்கும், பரவாயில்லை. 3 மணி நேரத்தை ஒரே தட்டில் அடைத்தால் 3.1தான். அப்போதுதான் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. சிக்கனம் என்று நினைத்து இப்படிச் செய்வதைவிட, இரண்டு தட்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

பதிவு ஒரு மணி நேரம் மட்டும் என்றால் கணக்கு 10.4 என்று காட்டும். அதை அப்படியே வைக்கக் கூடாது. டிவிடியில் படத்திற்கு உச்ச வரம்பு 9.8 மெகாபிட். வீட்டில் பதியும் தட்டுகளுக்கு 8க்கு மேல் போகாமல் இருப்பதே பாதுகாப்பு. மீறினால் சில கருவிகள் திக்கித் திணறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவர் மேடையில் நின்று பேசும் காட்சிக்கு 4 மெகாபிட்டே போதும். ஏனென்றால் பின்புலம் அசைவதில்லை. இரவில் விளக்கொளியில் நகரும் இரதம், கூட்டம், கற்பூரப் புகை, தெறிக்கும் தேங்காய் ஓடு இவையெல்லாம் வினாடிக்கு வினாடி மாறுகின்றன. சுருக்குவதற்கு மிகக் கடினமான காட்சி இது. ஆகவே தைப்பூசப் பதிவுக்கு 6க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

மென்பொருளில் 'இரு சுற்று' என்ற வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றில் எந்தக் காட்சி கடினம் என்று அது ஆராயும். இரண்டாம் சுற்றில் கடினமான காட்சிக்கு அதிகமும் எளிய காட்சிக்குக் குறைவுமாக இடத்தைப் பகிர்ந்து கொடுக்கும். நேரம் இரட்டிப்பாகும், பலனும் தெரியும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, ஒரே முறை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது. வாட்ஸ்அப் வழி வந்த படம் ஏற்கெனவே நசுக்கப்பட்டு வந்திருக்கும். எடுத்தவரின் தொலைபேசியிலிருந்து மூலக் கோப்பையே கம்பி வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ வாங்குங்கள்.

இரண்டாவது, சட்ட வேகம். பால் முறையில் வினாடிக்கு 25 சட்டங்கள். தொலைபேசிகளோ பெரும்பாலும் 30 சட்டங்கள் பதிகின்றன. 30ஐ 25 ஆக்கினால் வினாடிக்கு 5 சட்டங்கள் விழுந்துவிடும். இரதம் நகரும்போது படம் தத்தித் தத்திப் போவது இதனால்தான். பதிவதற்கு முன்பே தொலைபேசியில் 25 என்று அமைக்க வசதி இருந்தால் அமைத்துவிடுங்கள். ஏற்கெனவே 30இல் எடுத்துவிட்டீர்களா? அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் என்டிஎஸ்சி முறையில், வினாடிக்கு 29.97 சட்டங்களாக டிவிடி தயாரிக்கலாம். உயரம் 576லிருந்து 480 ஆகக் குறையும், ஆனால் அசைவு சீராக இருக்கும். நம் நாட்டில் விற்ற டிவிடி கருவிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். தமிழ்நாட்டு உறவினருக்கு அனுப்புவதென்றால் பால் முறையே பொருத்தம். அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ளவருக்கு என்டிஎஸ்சிதான்.

மூன்றாவது, படத்தின் வடிவம். அகலத் திரைப் பதிவுக்கு 16:9 என்று குறிப்பிடுங்கள். மறந்தால் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். தொலைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம், திரையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. அடுத்த முறை படுக்கையாகப் பிடியுங்கள்.

நான்காவது, பழைய நாடாப் பதிவுகளில் ஒவ்வொரு சட்டமும் இரண்டு பாதி வரிகளாகப் பின்னப்பட்டிருக்கும். டிவிடி அதை அப்படியே ஏற்கும். ஆகவே பின்னலைப் பிரிக்க வேண்டாம். எந்தப் பாதி முதலில் என்பதை மட்டும் சரியாகக் கொடுங்கள். மினி டிவி நாடாவில் கீழ்ப்பாதி முதலில். மாற்றிக் கொடுத்தால் அசையும் பொருள்கள் நடுங்கும்.

ஐந்தாவது, ஒலி. டால்பி டிஜிட்டல் என்ற ஏசி-3 முறையில், 48 கிலோஹெர்ட்சில் அமையுங்கள். எல்லாக் கருவியும் ஏற்கும்.

எந்த மென்பொருள்?

விண்டோஸ் விஸ்டா, விண்டோஸ் 7 இரண்டிலும் சில பதிப்புகளில் டிவிடி தயாரிக்கும் வசதி கூடவே வந்தது. விண்டோஸ் 8 முதல் அது இல்லை. இன்று இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவிடி ஸ்டைலர் எளியது. கோப்பைச் சேர்த்து, பால் அல்லது என்டிஎஸ்சி என்று தேர்ந்து, பட்டியல் பக்கம் அமைத்து, தட்டில் பதியலாம். கட்டளை எழுதிப் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் உண்டு. ஹேண்ட்பிரேக் இதற்கு உதவாது. அது டிவிடியைக் கோப்பாக மாற்றுமே தவிர, கோப்பை டிவிடியாக மாற்றாது.

பதியும்போது தட்டில் போட்டிருக்கும் உச்ச வேகத்தில் பதியாமல், 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதியுங்கள். முடிந்ததும் சரிபார்க்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். தட்டை இறுதி செய்து மூடாவிட்டால், உங்கள் கணினியில் ஓடும், பாட்டி வீட்டில் ஓடாது.

தட்டு மட்டும் போதாது

டிவிடி என்பது பார்ப்பதற்கான நகல், பாதுகாப்புப் பெட்டகம் அன்று. பினாங்கின் ஈரக் காற்றும் வெயிலும் தட்டுக்குப் பகை. மேலே காகிதம் ஒட்டாதீர்கள். தட்டுக்கென உள்ள மென்முனைப் பேனாவால் எழுதி, உறையிலிட்டு, செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். மூலக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் சேமித்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

நாடா வைத்திருப்பவர்கள் இன்னும் விரைய வேண்டும். உலகில் விஎச்எஸ் கருவி தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016ஆம் ஆண்டு ஜூலையோடு தயாரிப்பை நிறுத்திவிட்டது. இருக்கும் கருவிகளும் ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. நாடா நன்றாக இருந்தும், ஓட்டக் கருவி இல்லாத நாள் தொலைவில் இல்லை. அந்த நாடாவில்தான் தாத்தாவின் குரல் இருக்கிறது. அவர் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வேறெங்கும் பதிவாகியிருக்காது.

எனவே, அன்பர்களே, அலமாரியைத் திறந்து பாருங்கள். முதலில் நாடா, பிறகு விசிடி, பிறகு தொலைபேசிப் பதிவு என்று வரிசைப்படுத்துங்கள். வாரத்திற்கு ஒன்று மாற்றினாலும் போதும். ஒரு தட்டு முடிந்ததும் பெரியவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அவர்களுடைய கருவியிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால்தான் நம் வேலை முடிந்ததாகப் பொருள்.