எழுபதுகளின் ஐந்து பெரிய குத்துச்சண்டைகள் – என் வரிசை



"மலருக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டதும், எதைப் பற்றி எழுதுவது என்று மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். கடைசியில், ஹாஸ்டலில் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் தொடங்கி, வார்டன் கதவைத் தட்டும்வரை ஓயாத அந்தச் சண்டையையே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். என்ன சண்டை? குத்துச்சண்டையில் எது பெரிசு என்கிற சண்டைதான்!

"கள்ளக்குறிச்சிக்காரனுக்கும் கல்வராயன் மலைக்காரனுக்கும் கபடி இருக்கு. குத்துச்சண்டை எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கபடி என்றதும் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

குத்துச்சண்டை நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிந்து நின்று மோதிய காலம் உண்டு. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தைப் பார்த்துத்தான் எங்கள் அறையில் பாதிப் பேருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடிவிட்டுப் போயிருக்கிறார். அந்த அலி வாழ்ந்த பத்தாண்டின் ஹெவிவெயிட் சண்டைகளைத்தான் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

மார்க் போட்ட முறை

நான் பார்த்தது மூன்று. ஒன்று, யார் ஜெயிப்பார் என்று கடைசிவரை தெரியாமல் இருந்ததா? இரண்டு, அந்தச் சண்டையில் பணத்தைத் தவிர வேறு என்ன அடங்கியிருந்தது? மூன்று, தோற்றவரும் ஜெயித்தவர் அளவுக்கு உயர்ந்து நின்றாரா?

இந்த மூன்றாவது கேள்வியால்தான் 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த சண்டை என் பட்டியலில் இல்லை. இரண்டே ரவுண்டில் ஜோ ஃப்ரேசியரை ஆறு முறை கீழே தள்ளினார் ஜார்ஜ் ஃபோர்மன். அதிர்ச்சியான சண்டைதான்! ஆனால் ஒரு பக்கச் சண்டை.

ஐந்தாம் இடம்: ஃபோர்மன் – ரான் லைல் (லாஸ் வேகாஸ், 24.1.1976)

நுணுக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் இடி மின்னல். நான்காவது ரவுண்டில் மட்டும் ஃபோர்மன் இரண்டு முறை விழுந்தார், லைல் ஒரு முறை விழுந்தார். ஐந்தாவதில் ஃபோர்மன் முடித்துவிட்டார். "எவன் எந்திரிப்பான், எவன் படுப்பான்னே தெரியலடா" என்று என் அறை நண்பன் கட்டிலை விட்டே எழுந்துவிட்டான்.

நான்காம் இடம்: லாரி ஹோம்ஸ் – கென் நார்டன் (லாஸ் வேகாஸ், 9.6.1978)

நார்டனுக்குப் பட்டம் ரிங்கில் ஜெயித்துக் கிடைத்ததல்ல. லியோன் ஸ்பிங்ஸிடமிருந்து பறித்து அவருக்குக் கொடுத்தார்கள். அதை நியாயப்படுத்த அவருக்கு இந்த ஒரு ராத்திரிதான் இருந்தது. பதினைந்து ரவுண்டும் போனது. இரண்டு நடுவர்கள் 143–142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே 143–142 என்று நார்டனுக்கும் போட்டார்கள். ஒரே ஒரு பாயின்ட்! ஒரு மார்க்கில் அரியர் விழுந்தவர்களுக்கு நார்டனின் வலி புரியும்.

மூன்றாம் இடம்: அலி – ஃபோர்மன் (கின்ஷாசா, 30.10.1974)

ஃபோர்மனுக்கு வயது 25. மோதிய 40 சண்டைகளிலும் வெற்றி. அலிக்கு வயது 32. ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) விடிவதற்கு முன்பே சண்டை நடந்தது. அலி ஓடவில்லை. கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் முகத்தையும் விலாவையும் மறைத்து, "அடி, இன்னும் அடி" என்று விட்டுவிட்டார். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடியின் வேகத்தில் ஒரு பங்கைத் தளர்வான கயிறு வாங்கிக்கொள்ளும், நம் ஒர்க்ஷாப் மெஷினுக்கு அடியில் போடும் ரப்பர் மாதிரி. அடித்து அடித்தே ஃபோர்மன் களைத்தார். எட்டாவது ரவுண்டில் விழுந்தார்.

இரண்டாம் இடம்: அலி – ஃப்ரேசியர், முதல் சண்டை (நியூயார்க், 8.3.1971)

வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று 1967இல் மறுத்ததால் பட்டத்தை இழந்தவர் அலி. மூன்றரை வருடம் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். எதிரே ஃப்ரேசியர். இருவருமே அதுவரை தோற்காதவர்கள். அமெரிக்காவே இரண்டு கட்சியாகப் பிரிந்து பார்த்தது. பதினைந்தாவது ரவுண்டில் ஃப்ரேசியரின் இடது கை ஹூக் அலியை மல்லாக்கத் தள்ளியது. அலி உடனே எழுந்துவிட்டார், ஆனாலும் மூன்று நடுவர்களும் ஃப்ரேசியருக்கே கொடுத்தார்கள். அதே வருடம் ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அலியின் தண்டனையை ரத்து செய்தது.

முதலிடம்: அலி – ஃப்ரேசியர், மூன்றாவது சண்டை (மணிலா, 1.10.1975)

பிலிப்பைன்ஸில் காலை நேரம், அரங்கத்துக்குள் அடுப்பு மாதிரி வெக்கை. ஆரம்ப ரவுண்டுகள் அலிக்கு. நடுவில் ஃப்ரேசியர் விலாவிலேயே இடித்து இடித்து அலியை வளைத்தார். பிறகு மறுபடி அலி எழுந்தார். பதினான்காவது ரவுண்டு முடியும்போது ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. வருகிற குத்து அவருக்குத் தெரியவில்லை. மீதி ஒரே ஒரு ரவுண்டு, மூன்றே நிமிடம்.

ஃப்ரேசியரின் மூலையில் இருந்தவர் எடி ஃபட்ச். வடசென்னை பாஷையில் சொன்னால் அவருடைய 'வாத்தியார்'. ரிங்கில் அடிபட்டு உயிரை விட்டவர்களைப் பார்த்தவர் அவர். "போதும்" என்று நிறுத்திவிட்டார். ஃப்ரேசியர் கெஞ்சியும் விடவில்லை. அலி ஜெயித்தார். ஆனால் ஜெயித்த அலியும் நிற்க முடியாமல் ரிங்கிலேயே சரிந்தார். சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார்.

ஏன் இது முதலிடம்?

"கின்ஷாசாதான் மச்சான் ஃபர்ஸ்ட்" என்றுதான் நானும் முதலில் அடித்துப் பேசினேன். என் எண்ணத்தை மாற்றியது இன்னொரு பதினான்காவது ரவுண்டு. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் தென்கொரியாவின் டுக் கூ கிம், ரே மான்சினியுடன் லைட்வெயிட் பட்டத்துக்கு மோதினார். அவரை யாரும் நிறுத்தவில்லை. பதினான்காவது ரவுண்டின் தொடக்கத்தில் விழுந்தார். சில நாளில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைந்தன.

மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுத்துப் பார்த்திருக்கிறோம் அல்லவா? யீல்டு பாயின்ட்டுக்கு முன்னால் லோடை எடுத்துவிட்டால் கம்பி பழைய நீளத்துக்கே வரும். தாண்டிவிட்டால் வராது. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே கம்பிதான்! டயலைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். மணிலாவில் டயலைப் பார்த்தவர் ஃபட்ச்.

இப்போது கபடிக்கு வருகிறேன். போன பொங்கலுக்குக் கோமுகி அணைப் பக்கம் ஒரு ஊரில் ஆடினோம். நான்தான் கேப்டன். எங்கள் நல்ல ரைடர் வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர்ப் பையன். முதல் பாதியிலேயே தோள்பட்டை பிசகிவிட்டது. "முடியலடா" என்று அவன் சொல்லவில்லை. கையை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்தது. புரிந்தும், "ஒண்ணும் இல்லடா, இன்னும் ரெண்டு ரைடுதான்" என்று அனுப்பினேன். கோப்பை எங்களுக்கு வந்தது. அவன் அந்த செமஸ்டர் முழுக்க ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடிக்க முடியாமல் நின்றான். இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்னைக்கு வந்துபோன அதே 1980 அக்டோபரில், அலி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடி வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டிதான் நிறுத்தினார். நான்கு வருடம் கழித்து அலிக்கு நடுக்குவாத நோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தச் சண்டைக்கே அவரை விட்டிருக்கக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு.

அதனால்தான் நண்பர்களே, என் வரிசையில் மணிலா முதலிடம். அங்கே இரண்டு வீரர்கள் மட்டுமல்ல, பட்டத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது "போதும்" என்று சொன்ன மூன்றாவது ஆளும் இருந்தார். அடுத்த பொங்கலுக்கும் நான்தான் கேப்டன் என்கிறார்கள். பார்க்கலாம்.

உங்கள் வரிசை வேறாக இருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் எங்கள் அறைக்கு வாருங்கள். வார்டன் வரும்வரை பேசலாம்!

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்